மெயில் ‘சென்ட்’ ஆயிடுச்சு, ஆனா போகலை: ஆபீஸ் சர்வர் வரிசைக்குள்ள என்ன நடக்குது?

(ஒலிப்பதிவில் இருந்து எழுத்தாக்கியது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடு ஒரு பழைய குற்ற உணர்ச்சியில இருந்து ஆரம்பிக்குது.

நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். புதுச்சேரி மிஷன் வீதிக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஆபீஸ், மொத்தமே பதினாலு பேர். கம்ப்யூட்டர் படிச்சவன்னு அங்க நான் ஒருத்தன்தான். அதனால பிரிண்டர் மக்கர் பண்ணாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. மெயில் சர்வரைச் சொந்தமா வெச்சிருந்தாங்க. மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுல லினக்ஸ், அதுமேல போஸ்ட்ஃபிக்ஸ்னு ஒரு மெயில் மென்பொருள். எனக்கு முன்னாடி இருந்தவர் செட் பண்ணி வெச்சுட்டுப் போனது. ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதனால யாரும் அதைத் தொடலை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க அக்கவுண்ட்ஸ் அக்கா ஒரு கம்பெனிக்கு கொட்டேஷன் அனுப்பினாங்க. திங்கட்கிழமை மதியத்துக்குள்ள அவங்களுக்குக் கிடைச்சிருக்கணும். திங்கட்கிழமை மூணு மணிக்கு அங்கிருந்து போன். “உங்ககிட்ட இருந்து ஒண்ணுமே வரலையே, வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்” அப்படின்னாங்க.

முதலாளி அக்காவோட டேபிளுக்கு வந்து, “அனுப்புனியாம்மா, இல்லையா? உள்ளதைச் சொல்லு” அப்படின்னு கேட்டார். அக்கா மானிட்டரைத் திருப்பிக் காட்டினாங்க. “சார், இதோ சென்ட் ஃபோல்டர்ல இருக்கு, பாருங்க.” “அனுப்பியிருந்தா போயிருக்கணுமே?” அவங்க கண்ணு கலங்கிடுச்சு. ஆபீஸ்ல எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

சர்வருக்குள்ள போய்ப் பார்த்தா, வெளியே போக வேண்டிய மெயில் ஆயிரத்துக்கும் மேல தேங்கி நிக்குது. அடுத்த அரை மணி நேரத்துல நான் மூணு காரியம் பண்ணேன். மூணும் தப்பு. அது என்னன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அன்னிக்கு எனக்குத் தெரியாம இருந்த விஷயங்களைப் பேசிடுவோம்.

‘சென்ட்’ அப்படின்னா என்ன அர்த்தம்?

ரங்கப்பிள்ளை வீதியில இருக்கிற தலைமை தபால் நிலையத்துக்குப் போய்ப் பெட்டியில ஒரு லெட்டர் போடுறீங்க. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்கிறாங்க, “லெட்டர் போட்டாச்சா?” “போட்டாச்சு.” உண்மைதான். ஆனா ‘போட்டாச்சு’ வேற, ‘போய்ச் சேர்ந்தாச்சு’ வேற. லெட்டர் விஷயத்துல இந்த வித்தியாசம் நம்ம எல்லாருக்கும் தெரியும். மெயில்னு வந்தா மட்டும் மறந்துடுறோம்.

நீங்க அவுட்லுக்லயோ தண்டர்பேர்டுலயோ ‘சென்ட்’ பட்டனை அழுத்தினதும் மெயில் முதல்ல போறது உங்க ஆபீஸ் சர்வருக்கு. பெரும்பாலும் போர்ட் 587 வழியா. சர்வர் அதை வாங்கி டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு, ‘250, ஓகே’ன்னு பதில் சொல்லும். அந்த நொடியில உங்க மெயில் ‘சென்ட்’ ஃபோல்டருக்கு வந்துடும். அதாவது ‘சென்ட்’னா உங்க சொந்த சர்வர் வாங்கிக்கிச்சுன்னுதான் அர்த்தம். வாடிக்கையாளர் கையில கிடைச்சுதான்னு அந்த ஃபோல்டருக்குத் தெரியவே தெரியாது.

உண்மையான பயணம் அதுக்கு அப்புறம்தான். உங்க சர்வர் டிஎன்எஸ்கிட்ட போய், “இந்த டொமைனுக்கு மெயில் வாங்குற சர்வர் எது?”ன்னு கேட்கும். அந்தப் பதிலுக்குப் பேர் எம்எக்ஸ் ரெக்கார்டு. பதில் கிடைச்சதும் அந்த சர்வரோட போர்ட் 25 கதவைத் தட்டும். கதவு திறந்தா ரெண்டும் எஸ்எம்டிபின்னு ஒரு மொழியில பேசிக்கும். “நான் இன்னார், இவர் அனுப்புறார், அவருக்குக் கொடுக்கணும், இதுதான் விஷயம்.” ஒவ்வொரு வரிக்கும் எதிர் சர்வர் மூணு இலக்க எண் ஒண்ணைப் பதிலாச் சொல்லும். கடைசியா அதுவும் ‘250’ சொன்னாத்தான் மெயில் நம்ம பொறுப்பை விட்டு அதோட பொறுப்புக்குப் போகுது.

இந்த மொழி 1982-ல ஜான் போஸ்டல் எழுதின ஆர்எஃப்சி 821-ல இருக்கு. இப்போ நடைமுறையில இருக்கிறது 2008-ல வந்த ஆர்எஃப்சி 5321. நடுவுல எவ்வளவோ சேர்ந்திருக்கு, ஆனா அடிப்படை மாறலை. வாங்கு, பத்திரமா வை, அடுத்த ஆள்கிட்ட ஒப்படை, அவர் வாங்கிட்டேன்னு சொன்ன பிறகு மட்டும் உன் நகலை அழி.

இன்னொரு விஷயமும் இருக்கு, இது சட்ட விஷயம். நம்ம ஊர் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 13, ஒரு மின்னணு ஆவணம் எப்போ ‘அனுப்பப்பட்டது’ன்னு சொல்லுது. ரெண்டு தரப்பும் தங்களுக்குள்ள வேற மாதிரி பேசி வெச்சிருந்தா அது தனி. இல்லைன்னா, அனுப்புறவரோட கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு கணினிக்குள்ள அது நுழையும்போதுதான் அனுப்பினதா அர்த்தம். நம்ம மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சர்வர் யாரோட கட்டுப்பாட்டுல இருக்கு? நம்மளோடது. அப்போ அதுல தேங்கி நிக்கிற மெயில், அக்கா எத்தனை மணிக்கு பட்டனை அழுத்தியிருந்தாலும், சட்டத்தோட கண்ணுல இன்னும் அனுப்பப்படவே இல்லை. டெண்டர், நோட்டீஸ், ராஜினாமான்னு தேதி முக்கியமான எதை மெயில்ல அனுப்பினாலும் இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

வரிசைன்னு ஒண்ணு எதுக்கு?

“ஏன் தேங்கி நிக்கணும்? போகலைன்னா அப்பவே சொல்லித் தொலைய வேண்டியதுதானே?” நியாயமான கேள்விதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஞாபகம் இருக்கா? ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. புதுச்சேரியில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கும் மேல மழை. வீதி முழுக்கத் தண்ணி, பல ஏரியாவுல கரண்ட் இல்லை. அந்த நேரத்துல சென்னையில இருந்து ஒருத்தர், தண்ணி புகுந்த ஒரு புதுச்சேரி ஆபீஸோட சொந்த சர்வருக்கு மெயில் அனுப்புறார்னு வெச்சுக்கோங்க. சர்வர் அணைஞ்சு கிடக்கு. கதவைத் தட்டினா பதில் இல்லை. உடனே “போகலை”ன்னு திருப்பி அனுப்பிட்டா அவர் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கணும். அதுக்குப் பதிலா சென்னை சர்வர் அந்த மெயிலைத் தன்கிட்டயே வெச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தட்டும். இங்க ரெண்டு நாள் கழிச்சு கரண்ட் வந்து சர்வர் எழுந்துச்சுன்னா மெயில் தானா வந்து சேரும். யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம். இந்தக் காத்திருப்புக்குத்தான் க்யூ, அதாவது வரிசைன்னு பேர்.

எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? ஆர்எஃப்சி 5321 சொல்ற அறிவுரை: மறுமுயற்சிக்கு நடுவுல பொதுவா 30 நிமிஷமாவது இடைவெளி விடு, 4, 5 நாளுக்கு முன்னாடி கைவிடாதே. போஸ்ட்ஃபிக்ஸோட இயல்பான கணக்கு கொஞ்சம் வேற. முதல் மறுமுயற்சிக்குக் குறைஞ்சது 300 விநாடி, அப்புறம் இடைவெளி கூடிக்கூடி 4000 விநாடி வரைக்கும் போகும். 5 நாள் ஆகியும் முடியலைன்னா அனுப்பினவருக்கே திருப்பி அனுப்பிடும்.

இப்போ முக்கியமான இடம். அந்த 5 நாளும் அனுப்பினவருக்கு ஏதாவது தகவல் போகுமா? போஸ்ட்ஃபிக்ஸ்ல நீங்களா செட்டிங்கை மாத்தாத வரைக்கும் போகாது. ‘டிலே வார்னிங் டைம்’னு ஒரு அமைப்பு இருக்கு. அதோட இயல்பான மதிப்பு பூஜ்யம், அதாவது எச்சரிக்கை கிடையாது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச்ல அப்படி இல்லை. அதுல 4 மணி நேரத்துக்கு மேல தாமதமானா ஒரு அறிவிப்பு வரும். ஆனா அது 2 நாள்ல கைவிட்டுடும்.

எங்க அக்காவுக்கு சனி, ஞாயிறு ரெண்டு நாளும் எந்தச் சத்தமும் இல்லாம போனதுக்கு இதுதான் காரணம். சர்வர் தன் வேலையை ஒழுங்காப் பார்த்துக்கிட்டுதான் இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை, அவ்வளவுதான். சொந்த சர்வர் வெச்சிருக்கிறவங்க இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயம் செய்றதா இருந்தா, மெயின் டாட் சிஎஃப் ஃபைலைத் திறந்து அந்த மதிப்பை நாலு மணி நேரமாக்குங்க. ஒரு வரிதான்.

முதல்ல காரணத்தைப் படி

மெயில் போகலைன்னு தகவல் வந்ததும் முதல் கேள்வி: அது எங்க நிக்குது? அனுப்பினவரோட அவுட்பாக்ஸ்லயே நிக்குதா, சர்வர் வரிசையில நிக்குதா? அவுட்பாக்ஸ்லயே இருந்தா நம்ம சர்வரே இன்னும் வாங்கலைன்னு அர்த்தம். பாஸ்வேர்டு மாறியிருக்கலாம், நெட் இல்லாம இருக்கலாம், சர்வர்ல டிஸ்க் நிறைஞ்சு புதுசா எதையும் வாங்க மறுக்கலாம். டிஸ்க் நிறையுறதை ரொம்பப் பேர் கடைசியாத்தான் பார்ப்பாங்க. முதல்லயே பாருங்க, அஞ்சு நொடி வேலை.

‘சென்ட்’ல இருந்தா வரிசைக்கு வாங்க. போஸ்ட்ஃபிக்ஸ்ல ‘மெயில்க்யூ’ன்னு ஒரு கமாண்ட். எக்ஸ்சேஞ்ச்ல ‘க்யூ வியூவர்’னு ஒரு கருவி. வரிசையில நிக்கிற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு எண், அளவு, வந்த நேரம், அனுப்பினவர், பெறுபவர் எல்லாம் வரும். அதோட சேர்த்து ஒரு வரி வரும்: கடைசியா முயற்சி பண்ணப்போ ஏன் போகலைங்கிற காரணம். தேங்கி நிக்கிற மெயிலுக்குப் பெரும்பாலும் அதோட காரணம் பக்கத்துலயே எழுதியிருக்கும். நாமதான் படிக்க மாட்டோம்.

அந்த வரியைப் படிக்கும்போது ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, எல்லா டொமைனுக்கும் நிக்குதா, ஒரு டொமைனுக்கு மட்டும் நிக்குதா? எல்லாத்துக்கும்னா பிரச்சனை நம்ம பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். ஒண்ணுக்கு மட்டும்னா அவங்க பக்கம், இல்லைன்னா நமக்கும் அவங்களுக்கும் நடுவுல.

ரெண்டாவது, எண் 4-ல ஆரம்பிக்குதா, 5-ல ஆரம்பிக்குதா? 4-ன்னா “இப்போ முடியாது, அப்புறம் வா.” 5-ன்னா “முடியாது, இனிமே வராதே.” வரிசையில நிக்கிறது 4 வகை. 5 வகை நிக்காது, உடனே அனுப்பினவருக்கே திரும்பி வந்துடும். எண்ணே இல்லாம ‘கனெக்ஷன் டைம்ட் அவுட்’ மாதிரி வந்தா கதவே திறக்கலைன்னு அர்த்தம்.

அடிக்கடி பார்க்கிற காரணங்களை வரிசையாச் சொல்றேன்.

முதலாவது, எல்லா டொமைனுக்கும் ‘டைம்ட் அவுட்’. நம்மகிட்ட இருந்து போர்ட் 25 வெளியே போகலை. ஸ்பேமைத் தடுக்க நிறைய இணைய நிறுவனங்கள் இந்தப் போர்ட்டை அடைச்சு வெச்சிருக்காங்க. அமேசானோட இசி2-லயும் கூகுள் கிளவுட்லயும் புதுசா ஒரு சர்வர் எடுத்தா வெளியே போற போர்ட் 25 இயல்பாவே அடைச்சுத்தான் இருக்கும். ஆபீஸ்ல பிராட்பேண்ட் இணைப்பை மாத்தின மறுநாள்ல இருந்து மெயில் நின்னா முதல் சந்தேகம் இதுமேலதான் வரணும். வழி என்னன்னா, இணைய நிறுவனத்துகிட்ட திறந்துவிடச் சொல்லிக் கேட்கணும். இல்லைன்னா போர்ட் 587-ல மெயில் வாங்கி அனுப்பித் தர்ற ஒரு ரிலே சேவையைப் பிடிக்கணும்.

ரெண்டாவது, ‘ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்’ மாதிரி வார்த்தைகள். டிஎன்எஸ் பிரச்சனை. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. டொமைன் பேரைத் தப்பா டைப் பண்ணியிருந்தா “அப்படி ஒரு டொமைனே இல்லை”ன்னு டிஎன்எஸ் தெளிவாச் சொல்லிடும், மெயில் உடனே திரும்பிடும். டிஎன்எஸ் சர்வரே பதில் சொல்லாம இருந்தாத்தான் மெயில் வரிசையில காத்திருக்கும். அதனால வரிசை நிறைய டிஎன்எஸ் புலம்பலா இருந்தா டைப்பிங் தப்பைத் தேடாதீங்க. உங்க சர்வர் யாரை நம்பி முகவரி கேட்குதுன்னு பாருங்க.

மூணாவது, ‘450’ இல்லைன்னா ‘451’, கூடவே ‘கிரேலிஸ்ட்’னு ஒரு வார்த்தை. இது பிரச்சனையே இல்லை. 2003-ல இவான் ஹாரிஸ்னு ஒருத்தர் முன்வெச்ச யோசனை இது. முன்னபின்ன தெரியாத ஆள் கதவைத் தட்டினா, “கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க”ன்னு சொல்லு. ஒழுங்கான சர்வர் திரும்பி வரும். அந்தக் காலத்து ஸ்பேம் நிரல்கள் அதுக்கெல்லாம் காத்திருக்காம அடுத்த ஆளைத் தேடிப் போயிடும். இந்த மெயிலை எதுவும் பண்ணாதீங்க, சில நிமிஷத்துல தானாப் போயிடும்.

நாலாவது, ‘421’. அளவுக்கு மேல அனுப்புறீங்க, இல்லைன்னா உங்க ஐபி முகவரிமேல நம்பிக்கை குறைஞ்சிருக்கு. மரியாதையான மொழியில எச்சரிக்கை. இதைக் கண்டுக்காம விட்டா அடுத்தது ‘550’, நேரா மறுப்பு. இங்க நம்ம அடையாள அட்டை எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கணும். இந்த டொமைன் பேர்ல மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமைன்னு சொல்ற எஸ்பிஎஃப், மெயில்ல போடுற கையெழுத்தான டிகேஐஎம், ஐபி முகவரியில இருந்து நம்ம பேருக்கு வழிகாட்டுற ரிவர்ஸ் டிஎன்எஸ். 2024 பிப்ரவரியில இருந்து ஜிமெயிலுக்கு அனுப்புற எல்லாருக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும், ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் சரியா இருக்கணும். ஒரு நாளைக்கு 5000-க்கு மேல அனுப்புறவங்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டும், கூடவே டிமார்க்கும் வேணும். “நேத்து வரைக்கும் போய்க்கிட்டு இருந்துச்சே”ன்னு சொல்ற சின்ன ஆபீஸ்கள் நிறைய இந்த இடத்துலதான் மாட்டிக்கிட்டாங்க.

அஞ்சாவது காரணம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கிற காவல்காரர். பல சர்வர்கள்ல மெயில் வெளியே போறதுக்கு முன்னாடி வைரஸ் ஸ்கேனர், ஸ்பேம் ஃபில்டர் வழியாப் போகும். காரண வரியில ‘127.0.0.1’, ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ன்னு பார்த்தீங்கன்னா வெளியுலகத்தைத் திட்டாதீங்க. அது நம்ம சர்வரோட சொந்த முகவரி. நம்ம ஸ்கேனர் படுத்துடுச்சுன்னு அர்த்தம். இந்தக் காரணத்துக்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் இருக்கு.

2021 டிசம்பர் 33

2022 ஜனவரி 1, சனிக்கிழமை. புத்தாண்டு. உலகம் பூரா, சொந்தமா மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர் வெச்சிருந்த ஆபீஸ்கள்ல மெயில் அப்படியே வரிசையில நின்னுடுச்சு. நெட் இருக்கு, டிஸ்க்ல இடம் இருக்கு, டிஎன்எஸ் வேலை செய்யுது. ஆனா மெயில் நகர மாட்டேங்குது. லீவுல இருந்த அட்மின்களுக்கு எல்லாம் போன்.

சர்வரோட லாக்ல காரணம் எழுதியிருந்துச்சு. ‘2201010001’-ங்கிற எண்ணை மாத்த முடியலைன்னு ஒரு வரி. கவனிச்சுப் பாருங்க: 22, 01, 01, அப்புறம் 0001. எக்ஸ்சேஞ்சோட மால்வேர் ஸ்கேனர் தன் அப்டேட்டுகளுக்கு வருஷம், மாசம், தேதியைச் சேர்த்து ஒரே எண்ணாப் பேர் வெச்சிருந்துச்சு. அந்த எண்ணை 32 பிட் முழு எண்ணா மாத்தி ஒரு இடத்துல சரிபார்த்துச்சு. குறி உள்ள 32 பிட் எண்ணுக்குள்ள அடங்கக்கூடிய பெரிய மதிப்பு 2147483647. டிசம்பர் 31, 2021 தேதி 211231-ன்னு ஆரம்பிக்குது, அதனால எல்லைக்குள்ள அடங்கிடுச்சு. மறுநாள் 220101. எல்லை தாண்டிடுச்சு. ஸ்கேனர் விழுந்துச்சு. ஸ்கேன் ஆகாத மெயிலை அனுப்ப மாட்டேன்னு சர்வர் எல்லாத்தையும் வரிசையில பிடிச்சு வெச்சுக்கிச்சு.

ஒய்டூகே மாதிரியே இருந்ததால இதுக்கு ஒய்டூகே22-ன்னு பேர் வெச்சாங்க. மைக்ரோசாஃப்ட் ஓரிரு நாளுக்குள்ள ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தாங்க. பழைய ஸ்கேனர் ஃபைல்களை அழிச்சுட்டுப் புதுசா இறக்குற வேலை. புது அப்டேட்டோட எண் என்ன தெரியுமா? 2112330001. அதாவது 2021 டிசம்பர் 33! காலண்டர்ல இல்லாத தேதி. ஆனா 2147483647-ஐ விடச் சின்னது, அதனால பிரச்சனை இல்லை. “இப்படி ஒரு தேதியே இல்லையேன்னு கவலைப்படாதீங்க”ன்னு மைக்ரோசாஃப்டே விளக்கம் எழுத வேண்டியிருந்துச்சு.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது டிசம்பர் 33 மட்டும் இல்லை. அன்னிக்கு லாக்கைப் படிச்ச அட்மினுக்கு அந்த ஒரே எண்ணுல விடை இருந்துச்சு. அவர் ஸ்கேனரைத் தற்காலிகமா நிறுத்தினார், இல்லைன்னா ஸ்கிரிப்டை ஓட்டினார், தேங்கின மெயில் மெதுவா நகர ஆரம்பிச்சது. லாக்கைப் படிக்காம ஃபயர்வாலை மாத்தினவர், சர்வரை நாலு தடவை ரீஸ்டார்ட் பண்ணவர் எல்லாம் அதே இடத்துலதான் நின்னுக்கிட்டு இருந்திருப்பார்.

நான் பண்ண மூணு தப்பு

இப்போ அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம்.

முதல் தப்பு, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணேன். வரிசை டிஸ்க்ல இருக்கு, ரீஸ்டார்ட்டுக்கெல்லாம் அசையாது. அதே ஆயிரத்துச் சொச்சம் மெயில் அப்படியே நின்னுச்சு.

ரெண்டாவது தப்பு, ‘ஃப்ளஷ்’ பண்ணேன். அதாவது நிக்கிற எல்லாத்தையும் இப்பவே அனுப்பிப் பாருன்னு சர்வரை விரட்டினேன். ஒரு தடவை இல்லை, ஆறேழு தடவை. எதிர்ல இருக்கிற சர்வர் “நீ அளவுக்கு மேல அனுப்புறே, கொஞ்சம் பொறு”ன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. நான் ஆயிரம் மெயிலோட திரும்பத் திரும்பப் போய் அதே கதவை இடிக்கிறேன். இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிடுச்சு.

மூணாவது தப்புதான் பெருசு. வரிசையில மேலோட்டமாப் பார்த்தேன். எல்லாம் ஏதோ லாட்டரி, மருந்து விளம்பரம். ஸ்பேம்தானேன்னு மொத்த வரிசையையும் ஒரே கமாண்டுல அழிச்சேன். வரிசை காலி. ரெண்டு நிமிஷம் ஹீரோ மாதிரி இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி வீட்டுல உட்கார்ந்து லாக் ஃபைலை வரி வரியாப் படிச்சேன். வியாழக்கிழமை ராத்திரி எங்க ஊழியர் ஒருத்தரோட மெயில் பாஸ்வேர்டு யார் கையிலயோ சிக்கியிருக்கு. ரொம்ப எளிமையான பாஸ்வேர்டு. அந்தக் கணக்கு வழியா விடிய விடிய ஸ்பேம் போயிருக்கு. வெள்ளிக்கிழமை காலையில இருந்து வெளி சர்வர்கள் ஒவ்வொண்ணா எங்களுக்கு ‘421’ சொல்ல ஆரம்பிச்சிருக்கு. சாயங்காலம் 5 மணி 42 நிமிஷத்துக்கு அக்காவோட கொட்டேஷன் எங்க சர்வருக்கு வந்திருக்கு. அடுத்த வரி, ‘டெஃபர்டு’. தள்ளிவைக்கப்பட்டது. மூணு நாள் முழுக்க அதே பதில், கூடவே காரணம்.

நான் அழிச்சதுல ஸ்பேம் மட்டும் இல்லை. எங்க ஆளுங்க உண்மையா அனுப்பின 38 மெயிலும் போயிடுச்சு. மறுநாள் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், “இந்த மெயிலை மறுபடி அனுப்பிடுங்க”ன்னு கெஞ்சினேன்.

சரியான வழி என்னவா இருந்திருக்கும்? முதல்ல காரண வரியைப் படிக்கணும். ஒரே கணக்குல இருந்து நூத்துக்கணக்குல போகுதுன்னு தெரிஞ்சதும் அந்தப் பாஸ்வேர்டை மாத்தி ஓட்டையை அடைக்கணும். அப்புறம் வரிசையை அழிக்காம ‘ஹோல்டு’ல போடணும். போஸ்ட்ஃபிக்ஸ்ல இதுக்கு வசதி இருக்கு. மெயில் பத்திரமா அங்கேயே இருக்கும், யாருக்கும் போகாது. அப்புறம் அந்த ஒரு கணக்கோட மெயிலை மட்டும் பொறுக்கி அழிச்சு, மத்ததை விடுவிக்கணும். எல்லாம் சுத்தமான பிறகு எந்தத் தடைப்பட்டியல்ல நம்ம ஐபி இருக்குன்னு பார்த்து நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கணும். ஓட்டையை அடைக்காம விண்ணப்பிச்சா மறுநாளே திரும்ப ஏத்திடுவாங்க.

அட்மின் இல்லைன்னா என்ன பண்ணலாம்?

இதைக் கேட்கிற நிறையப் பேர் சர்வரைத் தொடுற ஆள் இல்லை, அக்கா மாதிரி மெயில் அனுப்புற ஆள். உங்களுக்கும் மூணு விஷயம்.

மெயில் கிடைக்கலைன்னு யாராவது சொன்னா உடனே மறுபடி மறுபடி அனுப்பாதீங்க. வரிசை திறந்ததும் அஞ்சு நகலும் ஒண்ணாப் போய் நிக்கும். அதுக்குப் பதிலா போன் பண்ணுங்க, வேற வழியில அனுப்புங்க.

அட்மின்கிட்ட “மெயில் போகலை”ன்னு மட்டும் சொல்லாதீங்க. யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த முகவரியில இருந்து அனுப்பினீங்கன்னு சொல்லுங்க. லாக்ல தேட அந்த மூணும் போதும்.

தேதி முக்கியமான மெயில்னா, எதிர் சர்வர் ‘250’ சொன்ன லாக் வரியை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்க. முன்னாடி பதிவுத் தபாலுக்கு இருந்த ஒப்புகை அட்டை மாதிரி வெச்சுக்கலாம். அவங்க சர்வர் வாங்கிக்கிச்சுங்கிறதுக்கு அது நல்ல சாட்சி. அதுக்கப்புறம் அவங்க ஸ்பேம் ஃபோல்டர்ல விழுந்துச்சா, திறந்து படிச்சாங்களான்னு அந்த வரி சொல்லாது. அதுக்கு ஒரு போன் காலை விட நல்ல கருவி இன்னும் வரலை.

செவ்வாய்க்கிழமை காலையில அந்த லாக் வரிகளைப் பிரிண்ட் எடுத்து முதலாளி டேபிள்ல வெச்சேன். “சார், அக்கா வெள்ளிக்கிழமையே அனுப்பியிருக்காங்க. 5:42. தப்பு சர்வர்ல. மெயிலை அழிச்சது என் தப்பு.” அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சார். “சரி, சரி. இனிமே நடக்காமப் பார்த்துக்கோ” அப்படின்னு சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டார். ஆர்டர் போனது போனதுதான்.

அக்கா அந்தப் பேப்பரை என்கிட்ட இருந்து வாங்கிப் பார்த்தாங்க. அவங்களுக்கு அதுல ஒரு வரியும் புரியலை, நேரத்தைத் தவிர. “இதுல என் பேர் இருக்குல்ல தம்பி?”ன்னு கேட்டாங்க. “இருக்குக்கா.” மடிச்சு ஹேண்ட்பேக்ல வெச்சுக்கிட்டாங்க.

உங்க ஆபீஸ்ல மெயில் எங்க போய் நின்னுச்சு, யார்மேல பழி விழுந்துச்சுன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. மெயில்லயே அனுப்பலாம், வந்து சேரும்னு நம்புவோம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.